பானையில் எழுதிய பெயர்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே போனாலும் ராஜாவைத் தேடுவான். குன்றைக் கண்டால் மேலே கோட்டை இருந்ததா என்பான். குளத்தைக் கண்டால் எந்த மன்னன் வெட்டியது என்பான். மண்வெட்டி பிடித்தவர்கள் வெட்டியது என்று யாராவது பதில் சொல்லிவிட்டால் அவனுக்கு முகம் சுருங்கிப்போகும். எனக்கும் இந்த வியாதி வெகு காலமாக உண்டு. சென்ற மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டே நாளில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அதற்கு மருந்து கொடுத்தார்.

அப்போது நான் ஒரு சேர மன்னனைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாவது அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. மன்னர் அரண்மனையை விட்டு வெளியே வர மறுத்தார். வந்தால் எந்தச் சாலையில் போவார், யார் எதிரே வருவார்கள் என்று எனக்கே தெரியவில்லை. இந்த நேரத்தில்தான் கருமத்தம்பட்டியிலிருந்து நண்பர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார். "இரண்டு நாள் இங்கே வந்து சும்மா இருந்துவிட்டுப் போங்கள், ராஜா தானாக வெளியே வருவார்" என்றார். சும்மா இருப்பது எழுத்தாளனுக்குக் கைவந்த கலை அல்லவா? உடனே புறப்பட்டுவிட்டேன்.

கருமத்தம்பட்டி கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் போகிற லாரிகளில் பெரும்பாலானவை இந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கத் தக்க ஊர்தான். இங்கே உள்ள ஜெபமாலை அன்னை ஆலயத்தின் கதை 17-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. 1846-இல் மரியோன் பிரெசில்லாக் என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்கு இந்தக் கருமத்தம்பட்டியில்தான் ஆயர் பட்டம் சூட்டினார்கள். இந்த நாட்டுக் குருமார்களே இந்த நாட்டுச் சபையை நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. பல விஷயங்களில் மற்றவர்களோடு ஒத்துப்போக முடியாமல் பதவியைத் துறந்து தாய்நாடு திரும்பினார். 1856-இல் லியோன் நகரத்தில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். கொங்கு நாட்டுச் செம்மண்ணில் நடந்த கால்கள் ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஓய்ந்தன. ஆலயத்து வேப்ப நிழலில் உட்கார்ந்து இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கள் ஊர் வழிப்போக்கர்களின் ஊர். வருகிறவர்கள் எல்லாரும் வேறு எங்கோ போகிறவர்கள்தான்" என்றார்.

அந்த வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. தேசப் படத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை என்பது ஒரு நீண்ட மதில். அந்த மதிலில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மேலைக் கடலில் மரக்கலம் விட்டு முசிறியில் இறங்கிய வியாபாரி கீழ்த்திசை வரவேண்டுமானால் இந்த வாசலில்தான் நுழைய வேண்டும். நுழைந்தவுடன் அவனுக்கு ஒரு துணை கிடைத்தது. அதுதான் நொய்யல் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து பேரூர், வெள்ளலூர், சூலூர், திருப்பூர் என்று கிழக்கே ஓடி, கரூர்ப் பக்கத்தில் காவிரியோடு கலக்கும் இந்த ஆற்றுக்குக் காஞ்சி என்பது பழைய பெயர். தண்ணீரும் நிழலும் உள்ள வழியை விட்டு வேறு வழியில் எந்த வண்டிக்காரன் போவான்? இன்றைக்குக் கொச்சிக்குப் போகிற லாரிக்காரர் அந்தப் பழைய சாத்துக்களின் பேரப்பிள்ளைதான். பாதைக்குத் தார் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்பீர்கள். மண்ணே சாட்சி சொல்லியிருக்கிறது. 1842-இல் வெள்ளலூரில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய சக்கரவர்த்திகளின் தலைகள் பொறித்தவை. ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறதே என்று தம் நூலில் புலம்பினார். அந்தப் புலம்பலின் சில்லறைதான் வெள்ளலூரில் கிடைத்தது. பின்னர், சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ஒரு கல்வெட்டுக் கண்டார்கள். மேற்கே போகும் வழிக்கு ராஜகேசரிப் பெருவழி என்று பெயரிட்ட சாசனம் அது. 9-ஆம் நூற்றாண்டின் முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பார்கள். பழைய வழிக்கு ராஜா தம் பெயரை வைத்தார். வழி அவருக்கு முன்பே இருந்தது.

சனிக்கிழமை மாலை நண்பர் என்னைச் சோமனூருக்கு அழைத்துப் போனார். அங்கே அவருக்குச் சில விசைத்தறிகள் உண்டு. தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதைத் துளைக்கிறது. அங்கிருந்து சாமளாபுரம் குளக்கரைக்குப் போனோம். நொய்யல் நிரப்பும் குளம் அது. நண்பரின் தந்தையாரும் வந்திருந்தார். தண்ணீரைப் பார்க்காமல் மேற்கே சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கொடுமணல் போகலாம் என்று இருக்கிறோம், ஐயா" என்றேன்.

"ஏனுங்க, சும்மா இருக்கோணும்னு வந்தீங்க, இப்ப வேகாத வெயில்ல பொட்டக்காட்டைப் பார்க்கப் போறேங்கறீங்க. அங்கே என்னங்க இருக்குது?"

"இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஊர் இருக்கிறது."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "அப்படீன்னா நானும் வர்றேன், கண்ணு. பக்கத்துலதானே என்ற தங்கச்சி ஊடு. பார்த்து நாளாச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். திருப்பூரைத் தாண்டி, ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கி, பத்து மணிக்குள் கொடுமணல் சேர்ந்தோம். போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கோபுரமோ கோட்டையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூர். மேட்டு நிலம், சோளக் காடு, ஆடு மேய்க்கும் சிறுவன். அங்கங்கே வட்டமாக நட்ட கற்கள். அவை பழைய ஈமச் சின்னங்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள்; கிடைத்தவற்றை எடுத்துப்போய்விட்டார்கள்.

ஆனால் கிடைத்தவை கொஞ்சமா? பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று பெயர் சொல்லிப் பாடிய ஊர் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பல முறை அகழ்ந்தார்கள்; பின்னால் மற்றவர்களும் அகழ்ந்தார்கள். ஓர் ஈமக் குழியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. வெண்கலத்தில் வார்த்து மணிக்கல் பதித்த புலி ஒன்று கிடைத்தது. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு காய்ச்சிய மூசைகள், நூல் நூற்ற தக்களிகள் எல்லாம் வெளிவந்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலையிலிருந்தும், இரும்புத் தாது சென்னிமலையிலிருந்தும் வந்தன. சூதுபவளம் கூர்ஜரத்திலிருந்தும், வைடூரிய நீலம் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்தும் வந்தன. உடைத்த கல், பாதி தேய்த்த கல், தேய்த்துத் துளை போடாத கல், துளை போடும்போது பிளந்த கல் என்று ஒவ்வொரு படியிலும் மணிகள் அகப்பட்டன. பிளந்த கல்லை வீசி எறிந்தவன் அன்றைக்கு என்ன திட்டு வாங்கினானோ!

இவற்றையெல்லாம் வரப்பில் நின்றபடி ஒரு பிரசங்கமாகவே பெரியவருக்குச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். மனம் ஒட்டவில்லை என்பது தெரிந்தது. கடைசியாகச் சொன்னேன்: "எல்லாவற்றையும்விட அதிசயம் பானை ஓடுகள், ஐயா. எழுத்துக் கீறிய ஓடுகள் 500-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பழைய தமிழ் எழுத்து. 'கண்ணன் ஆதன்' என்று ஒரு பானை. 'சம்பன் சுமணன்' என்று ஒரு பானை. விஸாகி என்று வடக்கத்திச் சாயலில்கூட ஒரு பெயர். யாரும் ராஜா இல்லை. அவரவர் பானையில் அவரவர் பெயர்."

பெரியவர் நின்றுவிட்டார். "எதுக்குங்க எழுதினாங்களாமா?"

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: "ஊட்டுல விசேசம்னா பாத்திரம் கலந்து போயிருமுங்க. அதான் எங்க ஊட்டுக் குண்டா, அண்டா எல்லாத்திலியும் பேர் வெட்டியிருக்குது. கல்யாணத்துல சீர் குடுக்கறப்ப வெட்டாமக் குடுப்பமுங்களா?"

எனக்குச் சுரீர் என்றது. கல்வெட்டு நூல்களைப் புரட்டிப் புரட்டிப் படித்தவன் நான். புகழூர் ஆறுநாட்டார் மலையில், மூன்று தலைமுறைச் சேர மன்னர்களின் பெயர் சொல்லும் சாசனம் இருக்கிற அதே குன்றில், கரூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவனும் தன் பெயரை வெட்டுவித்திருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அப்போதும் மன்னர்களைத்தான் குறித்துக்கொண்டேன். பொன்வாணிகனை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பரணில் என் தாயாரின் பெயர் வெட்டிய பித்தளைத் தவலை ஒன்று கிடக்கிறது. அதையும் கண்ணன் ஆதனின் பானையையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. பெரியவருக்கு அதற்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

நண்பகலுக்குப் பெரியவரின் தங்கை வீட்டுக்குப் போனோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் ஒரு தோட்டத்து வீடு. அந்த அணையின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனத்துக்காக 1992-இல் அது உபயோகத்துக்கு வந்தது. அதே காலத்தில் திருப்பூர்ப் பனியன் தொழில் பெருகிற்று. துணிக்கு நிறம் ஏற்றும் சாயப்பட்டறைகளும் பெருகின. சாயத்தோடும் உப்போடும் கலந்த கழிவு நீர் ஆற்றில் இறங்கி அணையில் வந்து தேங்கிற்று. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதுதான் குடியானவர் வழக்கம். இங்கே தயவுசெய்து திறக்காதீர்கள் என்று குடியானவர்களே கெஞ்சினார்கள். வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி ஏற்பாடு செய்தவையே பிறகு திறக்க முடிந்தது. அதற்குள் எத்தனையோ கிணறுகள் உப்பாகிவிட்டன.

அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். அண்ணனைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விருந்தாளி என்று முதலில் என்னிடம் நீட்டினார். "வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்க, சாமி. குழாய்த் தண்ணிதானுங்க, பயப்படாதீங்க. இந்த ஆத்துத் தண்ணி குடிச்சு முப்பது வருசமாச்சுங்க" என்றார்.

சொம்பின் கழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. பக்கத்தில் கலியாண வருஷம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகையில் வருவதற்காக அந்த அம்மாள் அதை வெட்டிக்கொள்ளவில்லை. இந்தச் சொம்பு இந்த வீட்டுக்கு வந்தபோது நொய்யலில் முங்கித்தான் நிறைந்திருக்கும். கண்ணன் ஆதனின் பானையும் அப்படித்தான் நிறைந்திருக்கும். மணி தேய்த்தவனும் இரும்பு காய்ச்சியவனும் நூல் நூற்றவளும் பல நூறு வருஷம் இந்த ஆற்றை நம்பித் தொழில் செய்தார்கள். அவர்களுக்குப் பிறகும் ஆறு குடிக்கும்படியாகவே ஓடிற்று. அந்தப் பழைய தொழில்களோடு ஒப்பிட நம் தொழில் மிகப் பெரியது. பல்லாயிரம் கோடி ரூபாய் கொண்டுவருவது. லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுவது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொம்பை நிரப்ப முடியாமல் செய்தது நம் தலைமுறை ஒன்றுதான்.

நண்பர் வாசலில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தறியில் நெய்யும் துணியும் யாரோ ஒருவர் சாயத்தில் முங்க வேண்டிய துணிதானே! அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சட்டையும் வெள்ளையாக இல்லை.

சாயங்காலம் புறப்படும்போது பெரியவர் ஆற்றங்கரை வரை நடந்து போனார். சனிக்கிழமை முழுவதும் தண்ணீரைப் பார்க்க மறுத்தவர் இப்போது வெகு நேரம் நின்று பார்த்தார். "முன்னைக்கு இப்ப தேவலைங்க. நெறம் இல்லை. ஆனாக் குடிக்க மனசு வரலை" என்றார். சரித்திரத்தில் அதைவிட நியாயமான தீர்ப்பை நான் படித்ததில்லை.

ஊருக்கு வந்து ஏழாவது அத்தியாயத்தை எடுத்தேன். ராஜா இன்னும் அரண்மனையிலேயே இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நொய்யல் கரையில் ஒருத்தி விடியற்காலையில் பானையோடு தண்ணீருக்கு வருகிறாள். பானையின் தோளில் அவள் பெயர் கீறியிருக்கிறது. கதை அங்கிருந்து நகரத் தொடங்கியிருக்கிறது.