பச்சோந்திக் குஞ்சு: உணவும் உடல்நலமும்

வீட்டு வளர்ப்புக்கு உரிய பச்சோந்தி என்று இன்று உலகச் சந்தையில் அதிகம் விலைபோவது ஏமன் பச்சோந்தி. ஏமனின் மேற்கு மலைப்பகுதிகளும் அவற்றை ஒட்டிய தென்மேற்குச் சவூதி அரேபியாவும் இதன் தாயகம். கமேலியோ கலிப்ட்ராட்டஸ் என்ற அறிவியல் பெயரை 1851இல் சூட்டியவர்கள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தந்தையும் மகனுமான துமேரில்கள். தலைமேல் எழும்பி நிற்கும் உயரமான கொண்டைதான் இந்த இனத்தின் அடையாளம். ஆண் குஞ்சின் பின்னங்காலில் சிறு குதிமுள் பிறவியிலேயே இருப்பதால், முட்டையை விட்டு வெளியே வந்த அன்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். முட்டை பொரிக்க ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகின்றன. வெளிவரும் குஞ்சு வாலோடு சேர்த்து ஏழெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன்பின் வளர்ச்சி மிக வேகமானது; நான்கு, ஐந்து மாதங்களிலேயே பருவம் அடைந்துவிடுகிறது. குஞ்சுப் பருவத்துச் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த வேகமே காரணம். எலும்பு விரைந்து நீள்கிறது, அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

பச்சோந்தி எதைத் தின்று வாழ்கிறது என்ற கேள்விக்கு ஐரோப்பா நெடுங்காலம் தவறான விடையையே வைத்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, விலங்குகளிலேயே பச்சோந்தி ஒன்றுதான் உணவும் நீரும் இன்றிக் காற்றை மட்டும் உட்கொண்டு வாழ்கிறது என்று தம் இயற்கை வரலாற்றில் எழுதிவைத்தார். நூற்றாண்டுகள் பல கடந்தும் கவிஞர்களும் நாடக ஆசிரியர்களும் அதையே திரும்பச் சொன்னார்கள். இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. பச்சோந்தியின் நுரையீரலிலிருந்து மெல்லிய பைகள் உடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. மிரட்டவோ சினங்கொள்ளவோ நேர்ந்தால் அவற்றில் காற்றை நிரப்பி உடலை உப்பச் செய்கிறது. நாக்கு பாய்வதோ கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. உப்பும் உடலைக் கண்டவர்கள் பாயும் நாக்கைத் தவறவிட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டுப் பாரிசில்தான் நிலைமை மாறியது. மருத்துவரும் கட்டடக் கலைஞருமான குளோட் பெரோ, அறிவியல் கழகத்தின் சார்பில் பச்சோந்தி ஒன்றை அறுத்து ஆராய்ந்து அதன் உடலமைப்பை 1669இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் எழுத்தாளர் மதலேன் த ஸ்குதெரியிடம் எகிப்திலிருந்து உயிருள்ள பச்சோந்திகள் வந்து சேர்ந்தன. அவற்றைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்து 1688இல் எழுதினார். பச்சோந்தியை வீட்டுப் பிராணியாக வைத்து எழுதப்பட்ட முதல் விரிவான பதிவுகளுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம்.

நாக்கைப் பற்றிய அறிவு அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. உடல் நீளத்தைவிட நெடுந்தூரம் பாயும் அந்த நாக்கு, சிறிய இனங்களில் இன்னும் வேகமாகச் செயல்படுகிறது. 2016இல் வெளியான அளவீடு ஒன்றில், கைவிரல் நீளமே உள்ள ஆப்பிரிக்கப் பச்சோந்தியின் நாக்கு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 264 மடங்கு முடுக்கம் காட்டியது. அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு, நாக்கு நுனியிலுள்ள சளி மனித உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று கண்டது. வளர்ப்பவருக்கு இவற்றைவிடப் பயன்படுவது, ஏமன் பச்சோந்தியையே வைத்து 2010இல் செய்த ஆய்வு. சூடு குறைந்தாலும் நாக்கு பாயும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. இரையைப் பற்றிக்கொண்டு திரும்பும் வேகமே வெகுவாகக் குறைகிறது. நாக்கை நீட்டும் விசை, முன்கூட்டியே இழுத்து வைத்த மீள்திசுக்களிலிருந்து வருகிறது. இழுப்பதைத் தசை மட்டுமே செய்கிறது, தசைக்குச் சூடு வேண்டும். நாக்கு நீண்டும் குஞ்சு இரையை இழந்துகொண்டே இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் சூட்டை. வெயில் காயும் கிளையில் 29, 30 பாகை செல்சியஸ், கூண்டின் பிற பகுதியில் 22 முதல் 26 வரை, இரவில் இருபதை ஒட்டி என்பது குஞ்சுக்கு ஏற்ற அளவு.

உணவுக்கான விதி எளியது: குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிட இரை நீளமாக இருக்கக் கூடாது. முதல் வாரங்களில் இறகில்லாத பழ ஈக்களும், பொரித்துச் சில நாட்களே ஆன சுவர்க்கோழிக் குஞ்சுகளும் போதும். பின்னர் பெரிய சுவர்க்கோழி, கரப்பான் குஞ்சு, பட்டுப்புழு, வெட்டுக்கிளி என்று வகை கூட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை, வயிறு நிறையும்வரை கொடுப்பது குஞ்சுப் பருவ வழக்கம். இந்த இனம் இலைகளையும் கடித்துத் தின்னும் என்பதால் கூண்டில் நஞ்சில்லாத செடிகளையே வைக்க வேண்டும். தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழிகளை மாலையில் எடுத்துவிடுவது மிக முக்கியம். உறங்கும் குஞ்சை அவை கடித்துப் புண்ணாக்கிவிடும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சிகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

வயிறு நிறைந்த குஞ்சும் சத்துக் குறைவால் நலிந்து சாகலாம். சுவர்க்கோழியின் உடலில் கால்சியத்தைப் போல் நான்கு முதல் ஏழு மடங்குவரை பாஸ்பரஸ் இருக்கிறது. ஊர்வனவற்றின் குஞ்சுகளுக்கோ பாஸ்பரசைவிடக் கால்சியமே கூடுதலாக வேண்டும். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் நல்லது. குறைந்த கால்சியத்தைக் குருதியில் ஈடுகட்ட, உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்குகிறது. அடுத்து வருவது எலும்புச் சிதைவு நோய். முன்னங்கால்கள் வில்லாக வளைகின்றன, தாடை ரப்பராக நெகிழ்கிறது, கிளையைப் பற்ற முடியாமல் குஞ்சு ஊர்ந்து செல்கிறது, வெளியே நீண்ட நாக்கு திரும்ப வருவதில்லை. வளைந்த எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் நோயை நிறுத்தலாம், அவ்வளவே.

இந்த நோயைத் தடுக்கும் வழியைச் சுவிட்சர்லாந்தின் ஆய்வு ஒன்று தெளிவாக்கியது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், புதிதாகப் பொரித்த 56 ஏமன் பச்சோந்திக் குஞ்சுகளை ஆறு குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் வளர்த்தார்கள். கால்சியம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி3, புற ஊதா ஒளி ஆகியவற்றைக் குழுவுக்குக் குழு மாற்றிக் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்து டி3 கிடைக்காத குஞ்சுகளுக்கே நோய் மிகக் கடுமையாக வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, புற ஊதா ஒளியும் பாய்ச்சியதே பாதுகாப்பான முறை என்று முடிவானது. ஒரு சத்துப் பொடியை மட்டும் வாங்கி அள்ளித் தூவுவது குஞ்சுக்குக் கேடு செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டி3 இல்லாத கால்சியப் பொடியை இரையின் மேல் பெரும்பாலான வேளைகளில் மெல்லத் தூவுவதும், டி3 கலந்த பல்சத்துப் பொடியை மாதம் இரண்டு முறை மட்டும் சேர்ப்பதும் இன்று பரவலான வழக்கம். டி3 மிகுந்தால் குருதிக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். தூவும் பொடியோடு, இரையாகப் போகும் பூச்சிக்கு முதல் நாளே கீரையும் காய்கறியும் தின்னக் கொடுப்பதும் வேண்டும்.

ஒளி இல்லாமல் இந்த ஏற்பாடு முழுமை பெறாது. தோலில் டி3 உருவாக புற ஊதா பி கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் காயும் வெயில் சூடு தருமே தவிர எலும்புக்கு உதவாது. விளக்கு தொடர்ந்து ஒளிர்ந்தாலும் அதன் புற ஊதாத் திறன் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் தேய்ந்துவிடும், குழலை மாற்ற வேண்டும். மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தவர்கள் 2009இல் வியப்பான ஒன்றைக் கண்டார்கள்: உணவில் டி3 குறைந்த பச்சோந்தி தானாகவே புற ஊதா ஒளியில் கூடுதல் நேரம் காய்கிறது, நிறைந்திருந்தால் ஒதுங்கிக்கொள்கிறது. ஒளியும் நிழலும் இரண்டும் உள்ள கூண்டு கொடுத்தால் தன் தேவையைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும்.

வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணில் தெரியும். இமைகள் வீங்கும், பகலில் கண் மூடிக் கிடக்கும், தோல் சரியாக உரியாது, நாக்கு இரையில் ஒட்டாது. பகலில் கண்ணை மூடும் பச்சோந்தி நோயுற்றது என்றே கொள்ள வேண்டும்.

கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி அறிவது அரிது. இலையில் நிற்கும் துளியையே நக்கிக் குடிக்கும். காலையிலும் மாலையிலும் இலைகள் நனையும்படி நீர் தெளிப்பதும், சொட்டு நீர்க் குழாய் ஒன்று வைப்பதும் அதற்காகவே. மலத்தோடு வரும் யூரிக் உப்பு வெண்மையாக இருந்தால் நீர் போதுமானது. மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் நீர்ச்சத்துக் குறைவு. குறைவு நீடித்தால் சிறுநீரகம் பழுதாகி மூட்டுகளில் யூரிக் படிவு சேரும். ஆனால் காற்றோட்டமில்லாத கூண்டு ஓயாமல் ஈரமாகக் கிடந்தால் மூச்சுக்குழல் தொற்று வரும். வாயைத் திறந்தபடி மூச்சுவிடுதல், வாயோரம் நுரை, தலையை அண்ணாந்து வைத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். வலைக் கூண்டே ஏற்றது.

குஞ்சுகளைப் பிரிப்பதற்கும் காலம் உண்டு. முட்டையிலிருந்து வந்ததும் தனியாக அடைக்கப்பட்ட குஞ்சுகள் அடங்கிப்போனவையாக, மங்கிய நிறத்தோடு, இரையைப் பிடிக்கத் தாமதிப்பவையாக வளர்ந்தன என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே முதல் வாரங்கள் சேர்த்து வைத்து, ஒன்றையொன்று விரட்டத் தொடங்கும் இரண்டாம் மாதவாக்கில் பிரிப்பதே முறை. பெண் குஞ்சு பருவமடைந்தபின் உணவைக் குறைக்க வேண்டும். மிகையாகத் தின்ற பெண், ஆண் துணை இல்லாமலேயே பல பத்து முட்டைகள் கட்டி, இட முடியாமல் இறந்துவிடுவது உண்டு. குடல் ஒட்டுண்ணிகளுக்கு மலப் பரிசோதனை தேவை.

ஏமன் பச்சோந்தி இன்று வளர்ப்பிடங்களில் ஏராளமாகப் பொரிக்கப்படுகிறது. வளர்ப்பிலிருந்து தப்பியவை அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஹவாயிலும் காடேறிவிட்டன.

தமிழ்நாட்டு வேலிகளிலும் இலங்கையின் வறண்ட காடுகளிலும் காணப்படும் பச்சோந்தி வேறு இனம். 1768இல் இயற்கையியலாளர் லாரெந்தி விவரித்த கமேலியோ சைலானிகஸ். இது 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். காயம்பட்ட பச்சோந்தியையோ வழிதவறிய குஞ்சையோ கண்டவர்கள், அதற்கு உணவு ஊட்ட முயலாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.