வானில் எஞ்சிய இரண்டு லங்காஸ்டர்கள்

லங்காஸ்டர் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரச வான்படை பயன்படுத்திய கனரகக் குண்டுவீச்சு விமானம். நான்கு மெர்லின் எஞ்சின்களும் 31 மீட்டர் இறக்கை வீச்சும் கொண்டது. ஏழு பேர் அதை இயக்கினர். அவ்ரோ நிறுவனத்தின் ராய் சாட்விக் வடிவமைத்த இதன் முதல் மாதிரி 1941 சனவரி 9 அன்று பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. அவற்றில் இரண்டு மட்டுமே இன்று பறக்கும் நிலையில் காக்கப்பட்டு, விமானக் காட்சிகளில் பங்கேற்கின்றன.

போர்க்காலம்

1942 முதல் செருமானிய நகரங்கள் மீது நடந்த இரவுத் தாக்குதல்களின் முதன்மைக் கருவியாக லங்காஸ்டர் விளங்கியது. 3,000-க்கும் மேற்பட்டவை தாக்குதலுக்குச் சென்று திரும்பவில்லை. குண்டுவீச்சுப் பிரிவில் பணியாற்றிய சுமார் 1,25,000 வான்வீரர்களில் 55,573 பேர் மாண்டனர். மறுபுறம், 1943 சூலையில் ஆம்பர்க் நகரம் தீப்புயலில் எரிந்தது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர் இறந்தனர். ஆகவே இந்த விமானத்தின் பெயரோடு தியாகமும் அழிவும் சேர்ந்தே நினைவுகூரப்படுகின்றன.

பிழைத்த விதம்

இன்று பறக்கும் இரண்டும் போரில் ஒரு குண்டுகூட வீசாதவை. காரணம் எளியது: இரண்டும் 1945-இல், போர் முடியும் தறுவாயில் உருவானவை.

பிரித்தானியாவிலுள்ள பிஏ474, சப்பானுக்கு எதிரான போருக்காகக் கட்டப்பட்டது. அது புறப்படுமுன் அப்போரும் முடிந்தது. பின்னர் ஆப்பிரிக்காவில் நில வரைபடங்களுக்கான ஒளிப்படங்கள் எடுக்கப் பயன்பட்டது. 1973 முதல் பிரித்தானியச் சமர் நினைவு விமானப் பிரிவில் உள்ளது.

கனடாவிலுள்ள எஃப்எம்213, போருக்குப் பின் கடல் கண்காணிப்பில் ஈடுபட்டது. ஓய்வு பெற்றபின் ஒன்டாரியோவின் கோடரிச் நகரில் பல ஆண்டுகள் பீடத்தின் மேல் நின்றது. ஆமில்டன் அருங்காட்சியகத்தினர் அதைச் சீரமைத்து 1988-இல் மீண்டும் பறக்கவிட்டனர். 1944 சூனில், எரியும் லங்காஸ்டரில் சிக்கிய பின்புறத் துப்பாக்கி வீரரை மீட்க முயன்று உயிர்நீத்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கியின் விமானத்துக்குரிய எழுத்துகள் இதில் தீட்டப்பட்டுள்ளன.

இதற்கு நேர்மாறாக, 130-க்கும் மேற்பட்ட தாக்குதல்களில் பங்கேற்ற ஆர்5868 இலண்டனிலுள்ள அரச வான்படை அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கிறது.

2014 சந்திப்பு

2014 ஆகத்தில் கனடிய விமானம் கிரீன்லாந்து, ஐசுலாந்து வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்தது. ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்குப் பின் இரண்டு லங்காஸ்டர்கள் சேர்ந்து பறந்தன. பயணத்தின் நடுவே கனடிய விமானத்தின் ஓர் எஞ்சின் பழுதடைந்தபோது, பிரித்தானியப் பிரிவு தன்னிடமிருந்த எஞ்சின் ஒன்றைக் கடனாகக் கொடுத்தது.

பறப்பதா, நிறுத்துவதா?

பழைய போர் விமானங்களைப் பறக்கவிடுவதில் ஆபத்து உண்டு. 2015 மே மாதம் பிஏ474-இன் ஓர் எஞ்சினில் தீப்பற்றியது. பாதுகாப்பாகத் தரையிறங்கினாலும், அது மீண்டும் பறக்க அக்டோபர் ஆனது. 2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டாலசில் நடந்த காட்சியில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 போர் விமானமும் மோதி ஆறு பேர் இறந்தனர். மேலும், ஒவ்வொரு பறத்தலும் உலோகத்தைத் தளர்த்துகிறது. பிஏ474-இன் இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டம் 1990-களில் மாற்றப்பட்டது. உறுப்புகள் மாற மாற, எஞ்சியிருப்பது பழைய விமானந்தானா என்ற கேள்வியும் எழுகிறது.

ஆனால், பறக்கும் விமானம் ஒரு தொழிலறிவையும் உயிரோடு வைத்திருக்கிறது. மெர்லின் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கவும், வால் சக்கரம் கொண்ட கனரக விமானத்தைத் தரையிறக்கவும் தெரிந்தவர்கள் தொடர்ந்து உருவாவது அதனால்தான். நூல்களில் எழுதிவைத்தால் மட்டும் இவ்வறிவு நிலைக்காது, கைப்பழக்கம் வேண்டும்.

2012 சூன் 28 அன்று இலண்டன் கிரீன் பார்க்கில் குண்டுவீச்சுப் பிரிவின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அன்று பிஏ474 மேலே பறந்து, குண்டுகளுக்கான அறையிலிருந்து சிவப்புப் பாப்பிப் பூக்களைத் தூவியது. அச்சின்னத்தின் வாசகம் மாண்ட வான்வீரர்களோடு, குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்கிறது.