மேவிக் புரோ தொலை இயக்கி

மேவிக் புரோ தொலை இயக்கி என்பது சீனாவின் சென்சென் நகரைச் சேர்ந்த டிஜெஐ நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய மேவிக் புரோ ஆளில்லா வானூர்தியை இயக்கப் பயன்படும் கைக்கருவி ஆகும். வானூர்தியின் ஒளிப்படக்கருவி காணும் காட்சி, இவ்வியக்கியுடன் இணைக்கப்படும் கைபேசியின் திரையில் தெரியும்.

பொருந்தும் அளவுகள்

இயக்கியின் கீழ்ப்பகுதியில் விரியும் இரு கைகளுக்கு இடையே கைபேசி செருகப்படுகிறது. 160 மி.மீ. வரை நீளமும், 6.5 முதல் 8.5 மி.மீ. வரை தடிப்பும் உடைய கைபேசிகள் இதில் பொருந்தும். 158.2 மி.மீ. நீளமும் 7.3 மி.மீ. தடிப்பும் கொண்ட ஐபோன் 7 பிளஸ் இவ்வரம்புக்குள் அடங்குகிறது. எனினும், தடித்த உறை இட்ட கைபேசி இதில் பொருந்தாது. உறையைக் கழற்றிய பின்னரே செருக இயலும்.

பிடி, கைபேசியின் பக்கப் பொத்தான்களை அழுத்தாதவாறு பொருத்துதல் வேண்டும். பறக்கும்போது திரை அணைந்தால் காட்சி மறையும். ஆனால் வானூர்திக்கான கட்டளைகள் இயக்கியிலிருந்தே நேரடியாக வானலை வழியே செல்வதால் கட்டுப்பாடு இழக்கப்படுவதில்லை. உயரம், தொலைவு, மின்கல இருப்பு ஆகியவற்றை இயக்கியின் சிறு திரையில் காணலாம். திரும்பி வரச் செய்யும் பொத்தானும் இயக்கியிலேயே உள்ளது.

டேப்லெட்டுகள்

203.2 மி.மீ. நீளமுள்ள ஐபேட் மினி 4 போன்ற டேப்லெட்டுகள் இப்பிடியில் அடங்கா. இவற்றுக்குத் தனியாக விற்கப்படும் தாங்கி தேவை. இயக்கியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து கம்பி மூலம் இவை இணைக்கப்படுகின்றன. அவ்வாறு இணைக்கும்போது கைபேசிக்கான கம்பியைப் பயன்படுத்தலாகாது.

பிற்கால மாற்றங்கள்

2020 இல் வெளிவந்த மேவிக் ஏர் 2 இன் இயக்கியில் பிடி மேற்புறத்துக்கு மாற்றப்பட்டது. அது 180 × 86 × 10 மி.மீ. வரையான கைபேசிகளை ஏற்கும். 2022 இல் மினி 3 புரோவுடன் வந்த டிஜெஐ ஆர்சி இயக்கியில் 5.5 அங்குலத் திரை உள்ளமைக்கப்பட்டதால், அதற்குக் கைபேசி தேவையில்லை.