குடியேறியவர்களும் குடிநீக்கப்பட்டவர்களும்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைச் சுற்றிவர ஒரு பகல் போதாது. பல ஊர்களின் பழைய வீடுகளைத் தூண், உத்தரம், கதவுநிலை எனப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்திலிருந்து சில அடி நடந்தால் அக்கிரகாரம். அப்பால் நெசவாளர் வீடு. 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் வழிமுறைதான் இது. நேர்த்தியான வேலை.

எனினும் பாகூர்ப் பக்கத்திலிருந்து செல்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. வீட்டைப் பெயர்த்து வரலாம். ஏரியை எப்படிப் பெயர்ப்பது? நம் ஊர்கள் நீரைச் சுற்றி உருவானவை. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கிக் குளம் வெட்டியதைப் பட்டினப்பாலை ஒரே மூச்சில் சொல்கிறது. பாகூர் ஏரி, வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியில் பெரியது. தென்பெண்ணையிலிருந்து அதற்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்காலைத் தாசிப் பெண்ணொருத்தி வெட்டுவித்தாள் என்பது ஊர் வழக்கு.

குடியேற்றத்தின் மறுபக்கமும் பாகூரிலேயே கிடைத்தது. 1879-இல் கண்டெடுக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் நிருபதுங்கவர்மனுடையது. மூன்று சிற்றூர்களைப் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது கல்வி நிலையத்திற்கு, அவன் அளித்ததை வடமொழியிலும் தமிழிலும் அது பதிவு செய்கிறது. பாகூரார் பெருமையுடன் சொல்லத்தக்க செய்திதான். ஆனால் பல்லவர் காலத்து இத்தகைய கொடைகளில் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்ட செய்தியோடு 'குடிநீக்கி' என்னும் சொல்லும் அடிக்கடி வருகிறது. நீக்கப்பட்டது குடியானவரின் உரிமையா, குடியானவரேயா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், கள்ளி நடுவதற்கு முன்பே அங்கே ஏர் ஓடியிருக்கிறது. இதை வெறும் வருவாய்த்துறைச் சொல்லாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அமெரிக்காவின் பிளிமத்தில் 1620-இல் கரையேறிய ஆங்கிலேயரின் ஊரை அருங்காட்சியகமாக அமைக்கும் பணி 1947-இல் தொடங்கியது. அந்த மண்ணுக்குரிய வாம்பனோக் மக்களின் குடியிருப்பு அங்கே இடம்பெற 1973 வரை ஆயிற்று. அவர்களது ஊரின் பெயரான பட்டக்ஸெட், அருங்காட்சியகத்தின் பெயரில் சேர 2020 ஆயிற்று. பாகூரில் என்றேனும் அப்படியொன்று எழுமானால், வித்தியாஸ்தானத்தின் திண்ணையை எளிதில் கட்டிவிடலாம். கள்ளி வேலிக்கு வெளியே யார் வீட்டைக் கட்டுவது என்பதை முதலில் பேச வேண்டியிருக்கும்.