லியாங் கையின் மைநீர் உருவங்கள்

வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்தைப் 'புனையா ஓவியம்' என வழங்குதல் பழந்தமிழ் மரபு. நெடுநல்வாடையுள் இத்தொடர் பயின்றுள்ளமை அறிஞர் அறிவர். சீனநாட்டு மைநீர் ஓவியங்களையும் இப்பெயரால் சுட்டலாமோ எனின், அது பொருந்தாது என்பதே எம் கருத்து. புனையா ஓவியத்தில் உருவைத் தருவது கோடு. இவற்றிலோ, நீரில் கரைந்த மையின் பரப்பே ஆடையாகவும் உடலாகவும் நிற்கின்றது. வண்ணத்தோடு கோடும் பெரும்பாலும் நீங்கிற்று.

இதற்குச் சிறந்த சான்றாவார் லியாங் கை. தென்சுங் அரசர்தம் தலைநகராகிய லின்அன்னில், 1201 முதல் 1204 வரையிலான சியாதாய் ஆட்சியாண்டுகளில், அரண்மனை ஓவியக் கழகத்தில் உயர்பதவி தாங்கியவர் இவர். அரசர் அளித்த பொற்கச்சையைக் கழகத்திலேயே தொங்கவிட்டு நீங்கினார் என்றும், குடிமகிழ்ச்சியில் திளைத்துத் தம்மைப் 'பித்தன் லியாங்' என்று கூறிக்கொண்டார் என்றும் சியா வென்யான் எழுதுகின்றார். அவருடைய ஓவியர் வரலாற்று நூலின் முன்னுரை 1365-ஆம் ஆண்டினது. லியாங் கையின் நுண்ணிய திறத்துக்குக் கழக ஓவியர் தலைவணங்கினர் என்று கூறும் அவரே, எஞ்சியவை யாவும் விரைந்து வரைந்த, தூரிகை குறைத்த படங்களே என்றும் முடிக்கின்றார்.

இம்முடிபை அவ்வாறே கொள்ளுதற்கில்லை. மலையினின்று இறங்கும் சாக்கியமுனியைப் பட்டின்மீது மென்வண்ணத்தால் நுணுகித் தீட்டிய அவர்தம் ஓவியம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசர் திருமுன் வரைந்தது என்னும் குறிப்பும் அதில் காணப்படுகின்றது. எனவே, பிற படங்களில் அவர் தூரிகையைக் குறைத்தமைக்குக் கைவன்மை குன்றியமை காரணமன்று.

தைப்பேய் அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள 'மைதெளித்த சித்தர்' என்னும் சிறு படத்தை ஈண்டு நோக்குவோம். புகைக்கரியும் பசையும் சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு இழைத்துப் பெறும் மை அது. தாளில் ஒருமுறை ஊறியபின் அதனை அழித்தல் இயலாது. ஈரம் புலருமுன் இட்ட மேற்பூச்சின் விளிம்பு கலங்கிப் பரவும். புலர்ந்தபின் இட்டது கூர்மையாய் நிற்கும். சித்தரின் ஆடை வெளிறிய மையின் அகன்ற வீச்சுகளால் ஆனது. இடைக்கச்சையில் மட்டும் மை நன்கு கறுக்கின்றது. கண்ணும் மூக்கும் வாயுமோ பெருநெற்றியின் கீழே நெருங்கிச் சில மெல்லிய கீற்றுகளாய் அடங்குகின்றன. ஆடையை வீசியெறிந்த கை, முகத்தருகே வந்ததும் எவ்வளவு அடங்கிவிடுகின்றது! குடிமயக்கின் கை இதுவெனில் நாம் நம்புதற்கில்லை.

தாங் காலப் புலவர் லீ பையின் உருவிலும் இதே அளவறிதல் உண்டு. பின்னணி சிறிதுமில்லை, நிலத்தைக் குறிக்கும் கோடும் இல்லை. ஆயினும் புலவர் நடக்கின்றார்.

இப்படமும், மூங்கில் வெட்டும் ஆறாம் ஆசான் ஹுய்நெங்கின் படமும் சீனத்தில் தங்காது சப்பானில் காக்கப்பெற்றன. அவ்வாசிரிய மரபின் முதல்வராகிய போதிதருமரைத் தென்னிந்தியர் என்பது ஒருசார் மரபுவழிச் செய்தி. மூங்கில் படத்தில் அசிகாகா யோசிமித்சுவின் முத்திரையை இன்றும் காணலாம்.