பேய்க்கட்டு வகைப்பாடு
பேய்க்கட்டு வகைப்பாடு: கதை மரபின் அமானுட உருக்களை, அடக்கிவைக்கும் கடினத்தைக் கொண்டு பிரித்தறியும் முறை.

எளிதில் அடங்குபவை அகால மரணமடைந்தோரின் ஆவிகள். கோடாங்கி உடுக்கடித்து ஆவியைப் பெயர் சொல்லவைப்பார். பீடிக்கப்பட்டவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்து நிறுத்துவார். வேதாளம் நடுத்தரம்: விக்கிரமாதித்தன் மௌனம் கலைந்ததும் மரமேறிவிடும்.

கட்ட இயலாதவற்றுக்குப் படையலிட்டுக் காவல் பொறுப்பு தரப்படும். மூன்றில் இதுவே ஆழமானது. ஆபத்து இங்கே அழிக்கப்படுவதில்லை, ஊருக்குப் பயன்படும்படி திருப்பப்படுகிறது. அழகர்கோவிலைக் களவாட வந்த பதினெட்டு மந்திரவாதிகளுடன் மலையாள நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பதினெட்டாம்படிக் கருப்பு, அக்கோயிலுக்கே காவலாகி, சாத்திய கதவின் வடிவில் வழிபடப்படுகிறது.  படையலுக்கு எடுத்துக்காட்டாக, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் சோணைக் கருப்பணசாமிக்கு மது படைக்கப்படுகிறது.

2007இல் இணையத்தில் தோன்றிய எஸ்.சி.பி. புனைவுத் தொகுப்பின் சேஃப், யூக்ளிட், கெட்டர் வகுப்புகளும் ஆபத்தை அன்றி, அடைத்துவைக்கும் சிரமத்தையே அளக்கின்றன. பிற உருக்களை அடக்க உதவுபவற்றுக்கான தாமியேல் வகுப்பு, காவல் தெய்வத்துக்கு மிக நெருக்கமானது.