செஞ்சி மதிலும் கேம் பூட்டும்

ராஜகிரி ஏறும்போதெல்லாம் எனக்கு கேம் சிடி ஞாபகம்தான்.

1690-ல் சுல்பிகார் கான் தொடங்கிய செஞ்சி முற்றுகை 1698 வரை இழுத்தது. கோட்டை விழுந்தது, ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். (சுல்பிகாரே கண்டுக்காம விட்டார்னு ஒரு பேச்சும் உண்டு.) மதில் வாங்கித் தந்தது அவகாசம்.

நகலெடுப்பதைத் தடுக்கும் கேம் பூட்டும் அப்படித்தான். ஸ்பைரோ 2 ஒரு வாரத்துச் சொச்சத்தில் உடைந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பாகத்தின் திருட்டுப் பிரதியில், சேர்த்த முட்டைகள் நடுவிலேயே காணாமல் போகும். அதை முழுசா உடைக்க இரண்டு மாசம் ஆச்சு. டெனுவோ பூட்டு பற்றிய வோல்க்மனின் 2024 ஆய்வில், முதல் வாரமே உடைந்தால் சராசரி வருமான இழப்பு 20%. 12 வாரம் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆனா காலேஜ் நாளில் நான் வாங்கிய திருட்டு சிடியை எந்தப் பூட்டு தடுத்திருந்தாலும் கம்பெனிக்கு ஒரு பைசா வந்திருக்காது. அசல் விலை என் மெஸ் பில்லைவிட ஜாஸ்தி.